பூரணை அன்று நீ சாப்பிட்ட கடையில்

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் நோ இப்போது பரவாயில்லை, மருந்து மாற்றியிருக்கிறார்கள். இதைத் தொலைபேசியிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ வேலைக்கு நடுவில் அரைக் காதால் கேட்பாய், நானும் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை மாமாவின் மகளை ரொறன்ரோவில் பல்கலைக்கழக விடுதியில் கொண்டுபோய் விட்டோம். உன் சின்ன மச்சாளுக்கு ஏழாம் மாடியில் அறை. லிஃப்டுக்கு ஒரு மணித்தியாலம் வரிசை. அன்றைக்குப் பூரணை. விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, அம்மம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்து, பின்வளவில் காகத்துக்கும் வைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். மத்தியானத்துக்குள் திரும்பி வந்து என்னுடைய ஒருநேரச் சாப்பாட்டைச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அறையை ஒழுங்குபடுத்தி முடிய மூன்று மணி தாண்டிவிட்டது. தெருவில் இறங்கியதும் கை நடுங்கத் தொடங்கியது. சீனி இறங்கினால் எனக்கு எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். மாமா பயந்துவிட்டார். "அக்கா, விரதத்தைப் பிறகு பார்ப்போம், வாயில் எதையாவது போடு" என்று என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்பதைனாத் தெருவில் எங்கே சாப்பிடுவது? பார்த்த கடைக் கண்ணாடி எல்லாவற்றிலும் தாராவும் பன்றியும் தொங்கின. அப்போதுதான் சின்னவள் சொன்னாள், "மாமி, மச்சாள் எப்போதும் போகிற வியட்நாம் கடை அந்தத் திருப்பத்தில்தான். அங்கே மரக்கறியும் இருக்கும்."

நீ நாலு வருசம் சாப்பிட்ட கடை. எத்தனை தரம் என்னைக் கூப்பிட்டிருப்பாய்! நான் ஒரு தரமும் வரவில்லை.

ஆறு மேசைதான் இருந்தது. பிளாஸ்ரிக் கதிரைகள். காசு மட்டும்தான் எடுப்போம் என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில், நிலத்தோடு நிலமாக, சின்னச் சிவப்புக் கூடு ஒன்று. உள்ளே வயிறு பெருத்த, சிரித்த முகத்து மண் தெய்வம். அதற்கு முன்னால் பழத்தட்டு, பூ, ஊதுபத்தி, ஒரு சின்னக் கிளாசில் கறுப்புக் கோப்பி. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் களைப்புப் போய்விட்டது. எங்கள் ஒழுங்கை வைரவரை வைத்திருப்பதும் அப்படித்தானே, போகிறவர் வருகிறவர் காலடியில், வீட்டு ஆளைப் போல.

கல்லாவில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இருந்தார். நான் "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டையும் வேண்டாம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை. சுவரில் தொங்கிய சின்னப் பலகையைக் காட்டி, "இன்றைக்குச் சாய். நானும் சாய்" என்றார். சாய் என்றால் அவர்களுடைய சைவச் சாப்பாடு. அமாவாசையை ஒட்டி அவர்களுடைய மாதம் பிறக்கிறது. அந்த முதலாம் நாளும் பதினைந்தாம் நாளான பூரணையும் அவர்களில் பலர் மச்சம் தொடமாட்டார்கள். வீட்டில் முன்னோருடைய படத்துக்குப் பழமும் பூவும் வைத்து ஊதுபத்தி கொளுத்துவார்கள். பிள்ளை, அமாவாசையும் பூரணையும்! தகப்பன் இல்லாதவர் அமாவாசை பிடிப்பதும் தாய் இல்லாதவர் பூரணை பிடிப்பதும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இன்னும் ஒரு தயக்கம் இருந்தது. அதே கத்தி, அதே பலகை. எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் பச்சை நிறப் பலகை ஒன்றையும் வேறு கத்தியையும் எடுத்து எனக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். ஒரு விரதகாரிக்கு இன்னொரு விரதகாரியின் மனம் தெரிகிறது.

முதலில் பாண் வந்தது. கடதாசி சுற்றி, சூடாக. மேலே கடித்தால் நொறுங்குகிறது, உள்ளே பஞ்சு. நீ சின்ன வயதில் கேட்பாயே, ஊரில் பேக்கரிப் பாண் எப்படி இருக்கும் என்று. விடியப்புறம் போறணையால் எடுத்த றோஸ் பாணின் கரையைப் பிய்த்துத் தின்பதுபோல இருந்தது. உள்ளே பொரித்த டோஃபு, எலுமிச்சைப் புல் வாசத்தோடு. வெள்ளரிக்காய், கொத்தமல்லி இலை, பச்சை மிளகாய், வினாகிரியில் ஊறின கரட்டும் முள்ளங்கியும். அந்த ஊறுகாயின் புளிப்பும் இனிப்பும் நாக்கில் பட்டபோதுதான் என் கை நடுக்கம் நின்றது.

சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவந்து தந்தவன் அந்த அம்மாவின் பேரன். நல்ல பெடியன், கேட்டதுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னான். அவர்களுக்குப் பாண் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்ததாம். எங்களுக்குப் போர்த்துக்கேயர். பாண் என்ற சொல்லே அவர்களுடைய மொழிச் சொல்தான். பிரெஞ்சுக்காரர் பாணைத் தட்டில் வைத்து, மற்றதெல்லாம் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டார்கள். வடக்கிலிருந்து சைகோனுக்குப் போன ஒரு புருசன் பெண்சாதி 1958 இல் ஹோவா மா என்று ஒரு கடை தொடங்கினார்கள். அங்கேதான் எல்லாவற்றையும் பாணுக்குள் வைத்துக் கையில் கொடுக்கிற வழக்கம் தொடங்கியது என்று சொல்கிறார்கள். வேலைக்கு ஓடுகிற ஆட்கள் நடந்துகொண்டே சாப்பிடலாம். நீயும் விரிவுரைக்கு அப்படித்தான் ஓடியிருப்பாய்.

அப்புறம் ஃபோ. "ஃபோ இல்லை அம்மா, ஃபஅ" என்று நீ திருத்துவாய், எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. அந்தப் பெரிய கோப்பையைப் பார்த்து மலைத்துவிட்டேன். கறுவா, கராம்பு, நட்சத்திரப்பூ, சுட்ட இஞ்சி. எலும்புக்குப் பதிலாக முள்ளங்கியும் கரட்டும் காய்ந்த காளானும் போட்டு அவித்த தெளிந்த தண்ணி. அதற்குள் வெள்ளை அரிசி நூடுல்ஸ். வெங்காயமும் உள்ளியும் இல்லை. அவர்களுடைய சாய்க்கும் அது ஆகாதாம். அம்மம்மாவும் விரத நாளில் உள்ளி உரித்த கையைக்கூடக் குசினிக்குள் விடமாட்டா.

பக்கத்தில் ஒரு தட்டு நிறைய இலை. முளைவிட்ட பயறு, தேசிக்காய்த் துண்டு, துளசி மாதிரி ஊதாத் தண்டோடு ஒரு இலை. துளசியைப் பிய்த்துக் கொதிக்கிற கோப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. கடைசியில் இரண்டு இலை போட்டேன். என்ன வாசம்! ஹனோய்ப் பக்கத்து ஃபோவுக்கு இவ்வளவு இலை கிடையாதாம். 1954 இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து 8 இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் தெற்குக்கு இடம்பெயர்ந்தது. அவர்களோடுதான் ஃபோ தெற்கெல்லாம் பரவியது. போன இடத்தில் விளைகிற இலையெல்லாம் அதற்குள் சேர்ந்துகொண்டது. இடம்பெயர்ந்து போகிறவர் கையில் என்னத்தைக் கொண்டுபோகலாம் என்று எனக்குத் தெரியும். ருசி பாரம் இல்லை, அது கூடவே வந்துவிடும்.

மேசையில் சேவல் படம் போட்ட மிளகாய்ச் சோஸ் போத்தல் இருந்தது. எங்கள் வீட்டிலும் நீ ஒன்று வைத்திருந்தாய். சேவலைக் கண்டதும் எனக்கு நல்லூரான் கொடிதான் நினைவு வந்தது. அதைச் செய்கிறவர் டேவிட் டிரான் என்று வியட்நாமிலிருந்து போன ஒருவர். சேவல் வருசத்தில் பிறந்தவராம், அதனால் சேவல். 1978 இல் ஹுவே ஃபோங் என்ற கப்பலில் நாட்டை விட்டுப் போனார். 1980 இல் லொஸ் ஏஞ்சலிஸில் கம்பெனி தொடங்கியபோது அந்தக் கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார். இதைப் பெடியன் சொன்னதும் நான் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தன்னைக் கரைசேர்த்த கப்பலின் பெயரைப் போத்தல் போத்தலாக உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறாரே. ஆனால் உள்ளி சேர்ந்த சோஸ் அது, அன்றைக்கு நான் தொடவில்லை.

பாட்டியும் படகில் வந்தவர்தான். ஊர் மீ தோ, மேகொங் ஆற்றுப் பக்கம். 1979 இல் மலேசியாவின் புலாவ் பிடோங் தீவில் முகாமில் இருந்தாராம். ஒரு சதுர கிலோமீற்றர் அளவான தீவு, அந்த வருசம் அதில் 40,000 பேர்வரை இருந்திருக்கிறார்கள். இரண்டு கையையும் தோளோடு ஒடுக்கிக் காட்டினார், படுக்க எவ்வளவு இடம் கிடைத்தது என்று. பிறகு ஒரு தேவாலயத்துக் குடும்பங்கள் சேர்ந்து பொறுப்பெடுத்து இங்கே கூப்பிட்டார்கள். விமான நிலையத்துக்குக் குளிர்ச் சட்டையோடு வந்து நின்றார்களாம். 1979, 1980 ஆகிய அந்த இரண்டு வருசத்தில் கனடா எடுத்த 60,000 அகதிகளில் பாதிக்கு மேல் இப்படித் தனிப்பட்ட சனம் பொறுப்பெடுத்து வந்தவர்கள். அகதிகளுக்கு உதவியதற்காக ஐ.நா. 1986 இல் கனடா மக்களுக்கு நான்சன் பதக்கம் கொடுத்தது. அதே வருசம் ஆகஸ்டில்தான் எங்கள் ஆட்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்தார்கள், மீன்பிடிக்காரர் கண்டு காப்பாற்றினார்கள். அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் அதில் வந்தவர். நான் அதைச் சொன்னேன். பாட்டி தலையாட்டினார், அவருக்கு அது நினைவிருந்தது. தொலைக்காட்சியில் பார்த்து அழுதாராம்.

இனித்தான் நான் எழுத வந்த விசயம்.

அவருடைய சட்டையில் ஒரு சின்ன வெள்ளை ரோசாப்பூ குத்தியிருந்தது, துணியில் செய்தது. பெடியனுடைய சட்டையில் சிவப்பு. என்ன இது என்று கேட்டேன். எங்கள் ஆவணிப் பூரணை அவர்களுக்கு ஏழாம் மாதத்துப் பதினைந்தாம் நாள். அன்றைக்கு வூ லான். தாய் தகப்பனையும் இறந்துபோன முன்னோரையும் நினைக்கிற நாள். காலையில் கோயிலுக்குப் போனால் ஒவ்வொருவருக்கும் பூக் குத்துவார்கள். தாய் உயிரோடு இருந்தால் சிவப்பு, இல்லை என்றால் வெள்ளை. பழைய வழக்கம் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். திக் நாட் ஹான் என்ற துறவி 1962 இல் எழுதியதிலிருந்து பரவியது.

"எனக்கும் வெள்ளைதான்" என்றேன். அவர் "எப்போது?" என்றார்.

நான் 1995 என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து சனம் எல்லாம் வெளிக்கிட்ட அந்த ஒக்டோபர் கடைசியில், மழையில், அம்மம்மா கொடிகாமம் வரை நடந்தா. அங்கே முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் கொஞ்ச நாள் கிடந்து போய்விட்டா. எனக்குச் செய்தி வந்து சேர மூன்று கிழமைக்கு மேல். அதுவும் ஆளுக்கு ஆள் ஒவ்வொரு திகதி சொன்னார்கள். உனக்கு அப்போது இரண்டு வயது. பெரிய பிள்ளையான பிறகு நீ ஒருமுறை கோபமாகக் கேட்டாய், "சீனி வருத்தத்தோடு ஏன் மாதம் மாதம் பட்டினி கிடக்கிறீர்கள், செத்தவர்களுக்கு அது தெரியவா போகிறது" என்று. நான் பதில் சொல்லவில்லை. பதில் இதுதான். அம்மம்மாவின் திதி எனக்குச் சரியாகத் தெரியாது. திதி தெரிந்தால் வருசத்தில் ஒருநாள் போதும். தெரியாதபடியால் பன்னிரண்டு பூரணையும் பிடிக்கிறேன்.

இதை உனக்குச் சொல்லாமல், முதல்முதலாக ஒரு வியட்நாம் பாட்டிக்குச் சொன்னது எனக்கே கவலையாக இருக்கிறது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் அம்மா 1983. நான் இங்கே" என்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. ரின்பால் விட்ட கோப்பியைப் பேரன் கொண்டுவந்து வைத்தான், சீனி என்பதால் நான் ஒரு வாய்தான் குடித்தேன்.

உன் படத்தைக் கைபேசியில் காட்டினேன். கண்ணாடி போட்டு நன்றாகப் பார்த்தார். நினைவில்லை என்றார், எத்தனையோ ஆயிரம் மாணவர் வந்து போகிற இடம். பரவாயில்லை. உனக்குச் சாப்பாடு போட்டவர், எனக்கு அது போதும்.

பிள்ளை, அந்தக் கந்தசஷ்டி வெள்ளிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். நீ இந்தக் கடையிலிருந்துதான் பாண் வாங்கி, பஸ் ஏறி, கடதாசிப் பையோடு ஸ்காபரோ வந்தாய். அதில் பன்றி இருக்கிறது என்று தெரிந்ததும் நான் வாங்கி வெளியே குப்பையில் போட்டேன். அது மட்டும் இல்லை, சொல்லக்கூடாத வார்த்தையும் சொன்னேன். நீ சாப்பிடாமல் பின்னேரமே திரும்பிப் போய்விட்டாய். இரண்டாவது பொட்டலம் ஒன்று தனியாக இருந்தது, அதன் மேல் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. அந்தக் கடைப் பலகையில் சனிக்கிழமை அதே எழுத்தைப் பார்த்தேன். சாய். எனக்கென்று தனியாக வாங்கி வந்திருக்கிறாய். பிரித்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிட்டேன். நீயும் சொல்லவில்லை. அது என் பிழை, பிள்ளை. என்னை மன்னித்துக்கொள்.

வீட்டுக்கு வந்து கரட்டும் முள்ளங்கியும் மெல்லியதாக வெட்டி, உப்புப் பிசறிப் பிழிந்து, வினாகிரியும் சீனியும் தண்ணியும் கலந்து ஊறப்போட்டிருக்கிறேன். முள்ளங்கி மணம் குளிர்பெட்டி முழுக்க. அப்பா சோற்றோடும் சாப்பிடுகிறார். பேரன் சொன்ன அளவு உனக்கு வேண்டும் என்றால் அனுப்புகிறேன்.

மார்கழியில் நீ வரும்போது பூரணை என்றைக்கு என்று கலண்டரில் பார்த்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு வேண்டாம், வேறு ஒரு நாள் போவோம். நீ உனக்குப் பிடித்ததை வாங்கு, நான் எதிரில் இருந்து என்னுடையதைச் சாப்பிடுகிறேன். சனிக்கிழமை நாங்கள் ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில் இருந்தோம். நீ வழக்கமாக எந்த மேசையில் இருப்பாய் என்று எழுது.

அன்புடன்,
அம்மா