பின்பக்கம் பார்த்த இருக்கை

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு இந்தக் குளிரில் முழங்கால்தான் படுத்துகிறது, வேறு குறையில்லை. கோத்தன்பர்க்கில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. ஓய்வு எடுத்த மனிசனுக்கு இருட்டில் என்ன வேலை? குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்து, எங்கள் பழைய ஸ்டேஷன் வேகன் காரை, அந்த வொல்வோ 245-ஐ, சின்ன மொடலாகச் செய்யத் தொடங்கியிருக்கிறேன்.

ஒட்டிச் செய்யும் துண்டுகள் கடையில் பெட்டியாகவே, கிட் என்று, கிடைக்கும் என்றுதான் முதலில் போனேன். வொல்வோவின் சொந்த ஊரில் வொல்வோ கார் கிட் இல்லை! லொறி வேண்டுமென்றால் இத்தாலேரி கொம்பனி போட்ட வொல்வோ எஃப்12, எஃப்16 இருக்கிறது. பழைய ஸ்டேஷன் வேகன் என்றால் கடைக்காரப் பொடியன் சிரிக்கிறான். காரணம் விளங்காமல் இல்லை. பிளாஸ்டிக் கிட்டுக்கு உருக்கில் அச்சு வெட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட காசு திரும்பும். பிள்ளைகளையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் ஏற்றித் திரிந்த வண்டிக்கு யார் அவ்வளவு செலவழிப்பார்கள்? பந்தயத்தில் ஓடியது என்றால் வேறு கதை. 1985-இல் 240 டர்போ ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் வென்றதல்லவா, அந்த வண்டியைப் பீமாக்ஸ் என்ற கிட் கொம்பனி 1/24 அளவில் போட்டிருக்கிறது. ஆனால் அது இரண்டு கதவு, பின்னால் டிக்கி.

இடையில் ரெசின் கிட் ஒன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டேன். ரப்பர் அச்சில் வார்ப்பது. கொஞ்சப் பிரதி எடுத்ததும் அச்சு கிழிந்துவிடும், அதனால் விலை கூட. எனக்கு வந்தது வொல்வோவின் அமேசன் என்ற பழைய வேகன். அதன் கூரை அப்பளம் மாதிரி வளைந்திருந்தது, கண்ணாடிகளையே காணோம். விற்றவர் பதிலும் போடவில்லை. சுடுதண்ணீரில் அமிழ்த்திக் கூரையை நிமிர்த்திவிட்டேன், கண்ணாடிக்கு என்ன செய்வது? அது அலுமாரிக்கு மேல் இருக்கிறது.

பிறகு லொப்பிஸ் ஒன்றில், அதுதான் பழைய சாமான் சந்தையில், அதிர்ஷ்டம் அடித்தது. பின்லாந்தின் ஸ்டால்பெர்க் கொம்பனி முன்பு வொல்வோவுக்கும் சாபுக்கும் பிளாஸ்டிக் பொம்மைக் கார் செய்து கொடுத்தது. அதில் ஒரு 245, கோப்பி தட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. அளவு ஒத்துவராது. அது ஏறத்தாழ 1/20, என்னுடையது 1/24. ஆனாலும் பின்பக்கக் கோடு எங்கே சரிகிறது என்று பார்க்க அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

ஆக, பீமாக்ஸ் பெட்டியை வாங்கி அறுத்தாயிற்று. அந்த இரண்டு கதவு வண்டியான 242-க்கும் எங்கள் 245-க்கும் முன், பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம் ஒன்றுதான், அந்த ஒரு புண்ணியம். நீளக் கதவின் கோட்டைப் புட்டியால் அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, நாலு கதவுக்குப் புதுக்கோடு கீறினேன். இடப்பக்கம் ஒரே தரத்தில் வந்தது. வலப்பக்கம் மூன்று தரம் ஊசி வழுக்கியது, மூன்று தரமும் அம்மாவுக்குக் கேட்கும்படி திட்டினேன். கூரையைப் பின்னால் நீட்டப் பிளாஸ்டிக் தகடு. முழு வண்டியும் இருபது சென்டிமீட்டர்தான். அதற்கு இரண்டு மாதம்.

இனிமேல்தான் உன் உதவி. கடைசியில் பின்பக்கம் பார்த்த இருக்கை இருந்ததே, நீயும் தம்பியும் இருந்துகொண்டு பின்னால் வந்த பஸ் டிரைவருக்கு நாக்கை நீட்டினீர்களே, அதன் நிறம் என்ன? அம்மா மண்ணிறம் என்கிறா. நான் நீலம் என்கிறேன். தம்பியைக் கேட்டால், அந்த இருக்கையில் நீ அவனை நுள்ளியது மட்டும்தான் ஞாபகமாம்.

நீ லண்டனுக்குக் கொண்டுபோன அல்பத்தில் பார். வண்டியின் பின்கதவு திறந்திருக்க நீ நிற்கிற படம் ஒன்று இருக்க வேண்டும். போனில் எடுத்து அனுப்பு. உன் முகம் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கிற இருக்கை தெரிந்தால் போதும். நிறம் தெரியும்வரை பின்கதவை ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

அப்பா