தீர்ப்பு யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோர்ட் செய்தி என்றால் உங்கள் பத்திரிகை தலைப்பைப் பெரிதாகப் போட்டுவிட்டு விஷயத்தைப் பாதியில் விட்டுவிடுகிறது. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, மற்றப் பத்திரிகைகளும் டிவியும் அப்படித்தான், வாட்ஸ்அப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குழித்துறை கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருப்பவள் நான். காலையில் ஒரு தீர்ப்பு தலைப்பில் வந்தால் மத்தியானத்துக்குள் அந்தச் செய்தியைக் கத்தரித்துக்கொண்டு நாலு பேராவது வந்துவிடுவார்கள், "இத ஒரு காப்பி எடுங்க, வக்கீல்ட்ட காட்டணும்" என்று. அதில் பலருக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தவே பொருந்தாது.

மகளுக்குச் சொத்தில் சம பங்கு என்ற செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றி மட்டும். மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு, இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பதிவு செய்து முடித்த பாகப்பிரிவினையை இனிமேல் கிளற முடியாது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலத்தை அவர் இஷ்டப்பட்டவருக்கு எழுதிவைக்கலாம், அங்கே இந்தத் தீர்ப்புக்கு வேலையே இல்லை. இதில் எதுவும் தலைப்பில் கிடையாது. ஆனால் விளவங்கோடு, கல்குளம் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அவர்களும் இதே தலைப்பைத்தானே படிக்கிறார்கள்? "2020-லதான உரிமை வந்துருக்கு, எங்கப்பா அதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடியே போய்ட்டாரே, இனி என்ன கிட்டும்" என்று ஒரு அம்மா என் கடையில் நின்று கேட்டார்கள். கையில் மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரம் (பத்திரத்தைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்), மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு போட்டது, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது. மெஷினில் வைக்கவே பயமாக இருந்தது.

அந்த அம்மாவுக்குப் பொருந்துவது 1986-ல் வந்த மேரி ராய் தீர்ப்பு. அதைக் கேரளத்து விவகாரம் என்றுதான் இங்கே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், 1956 நவம்பர் 1 வரை நம் குமரி மாவட்டமும் அந்தப் பக்கம், திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது என்பது மறந்துபோய்விட்டது. 1916-ல் திருவிதாங்கூரில் போட்ட கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்கு ஸ்திரீதனம் என்ற பெயரில் மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் இல்லை, 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றது சுப்ரீம் கோர்ட். விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமம். உயில் இருந்தால் கதை வேறு. உரிமை இருக்கிறது என்பது ஒன்று, இத்தனை வருடம் கழித்து வழக்குப் போட்டால் நிற்குமா என்பது இன்னொன்று, அதை ஆதாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதெல்லாம் ஜெராக்ஸ் கடைக்காரிக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸ் இருக்கிறது. ஒரு வக்கீலம்மா, அவர் கணவர், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் உட்கார்ந்து, புதிதாக வந்த சட்டம், தீர்ப்பு என்னவென்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்கிறார்கள். கூடவே ஒரு தாள் கொடுப்பார்கள், அதை அடித்துக்கொடுப்பது நான் (கூலி வாங்குகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்). தாளில் பெரிய எழுத்தில் எந்தச் சட்டம், யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும், வழக்கின் பெயர் என்ன என்று இருக்கும். கடைசியில் யாருக்குப் பொருந்தாது என்றும் ஒரு வரி. என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிக்குத்தான் காசு கொடுக்கலாம்.

ஒருமுறை ஒரு பெரியவர் எழுந்து, "மக்களே, வீட்டையும் பதினஞ்சு சென்ட்டையும் மவனுக்கு இஷ்டதானம் எழுதிக் குடுத்தாச்சு, இப்போ சோறு தாறவன் இல்ல, ரத்து பண்ணலாம்னு பேப்பர்ல போட்டிருக்கே" என்று கேட்டார். வக்கீலம்மா உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. "பாட்டா, எந்த வருசம் எழுதினீங்க, கவனிச்சுக்கணும்னு ஆதாரத்துல எழுதியிருக்கா" என்று திருப்பிக் கேட்டார். பெரியவர் பேப்பரில் பார்த்தது 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு. மூத்த குடிமக்களுக்கான 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் 23-ம் பிரிவு, அந்தச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைப் பற்றிப் பேசுகிறது. நிபந்தனையை எழுத்தில் போடாவிட்டாலும் அன்பின் பேரில் கொடுத்ததிலேயே அது அடங்கும் என்று சென்னை ஹைகோர்ட் அதே வருடம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் இனி எழுதுபவர்கள் ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள் என்றார் வக்கீலம்மா. பிறகு, "இதுக்கு எங்கிட்ட வரவேண்டாம், பத்மநாபபுரம் சப் கலெக்டர் ஆபீஸ்ல நீங்களே மனு குடுக்கலாம், அங்க வக்கீல் ஆஜராகக்கூடாதுன்னு சட்டத்திலேயே இருக்கு" என்று சொல்லிவிட்டார். எந்தக் கடைக்காரன் எதிர்க்கடையைக் கைகாட்டிவிடுவான்?

செக் திரும்பிய விஷயத்திலும் இப்படித்தான். பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு, மார்த்தாண்டத்து வியாபாரிகள் பாதிப் பேர் இதில் முதல் படியிலேயே வழுக்கிவிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய கிரிமினல் சட்டங்களுக்கு இரண்டு சனிக்கிழமை போனது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், ஆன்லைனில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் நமக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவுதான். மோசடிக்கு 420 போய் 318 வந்துவிட்டது, ஆனால் ஒருத்தனை 318 என்று திட்டினால் அவனுக்குக் கோபம் வரப்போவதில்லை.

சரி, இந்த ஆபீஸ் பெயரை ஏன் எழுதவில்லை என்றால், அப்போதே இது விளம்பரம் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். ஏற்கெனவே கோர்ட் வாசலில் டீ குடிக்கிற இடத்தில் முணுமுணுப்பு இருக்கிறது. வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக்கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது, ஆன்லைனில் விளம்பரம் செய்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை ஹைகோர்ட்டும் 2024 ஜூலையில் உத்தரவு போட்டது. அந்த விதி வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன், இல்லையென்றால் துணிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி ஆகிவிடும். ஆனால் நூலகத்தில் இவர்கள் விசிட்டிங் கார்டு கொடுப்பதில்லை, தாளில் ஆபீஸ் பெயரோ போன் நம்பரோ கிடையாது (அடிப்பவள் நான், எனக்குத் தெரியும்). யாராவது தன் கேஸைச் சொல்ல ஆரம்பித்தால், உங்கள் வக்கீலையே கேளுங்கள், வக்கீல் இல்லையென்றால் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள், 15100-க்குப் போன் செய்யுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு என்பதுகூட எங்களில் பலருக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. ஊருக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பதையும் வழக்குப் பிடிப்பதையும் ஒரே தட்டில் வைத்தால் நல்ல வக்கீல்கள் வாயை மூடிக்கொள்வார்கள், அப்புறம் யூடியூபில் கத்துகிறவர்கள்தான் மிஞ்சுவார்கள். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கிறவனுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தீர்ப்புச் செய்தியின் அடியில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். எந்தச் சட்டம், யாருக்கு, எந்தத் தேதி முதல், வழக்கின் பெயர், இது போதும். வழக்கின் பெயர் இருந்தாலே எங்கள் ஊர் ஜூனியர் வக்கீல்கூட ஐந்து நிமிடத்தில் தீர்ப்பை எடுத்துவிடுவார். கட்டத்துக்கு இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், ராசிபலனுக்குத் தினமும் எவ்வளவு இடம் போகிறது என்று எனக்குத் தெரியும். மேலே சொன்ன தாள்களில் மூன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், அதே மாதிரி போட்டாலும் சரிதான், அந்த ஆபீசில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகி,
குழித்துறை