பாயிண்ட் கணக்கு

சேலம்

அன்புள்ள முருகேசா,

உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மெல்ல நடக்கிறார்கள்.

"இன்னுமா பாக்ஸ்புரோவில் எழுதிய அந்தப் பழைய கணக்கு புரோகிராமைக் கட்டி அழுகிறீர்கள், முதலாளிக்குக் காசு விட மனசில்லையா?" என்று கேட்டிருந்தாய். போன வருஷம்தான் புது அரவை மெஷின் இறக்கினார். காசுக்கு அஞ்சுகிறவர் இல்லை அவர். மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு பாக்ஸ்புரோவைக் கைகழுவியதும் அவருக்குத் தெரியும்.

எங்கள் ஆலை வேலையைக் கொஞ்சம் கேள். மரவள்ளிக் கிழங்கு லாரி எடைமேடை ஏறி இறங்கியதும், கொஞ்சம் கிழங்கைத் தண்ணீருக்குள் எடைபோட்டு, மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயிண்டைப் பார்ப்போம். டன்னுக்கு, ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் விலை. அதில் மண் கழிவு போகும், இறக்குகூலி போகும், விவசாயி வாங்கிய அட்வான்ஸில் ஒரு பகுதி கழியும். மழையில் பிடுங்கிய கிழங்குக்கு மண் எவ்வளவு கழிப்பது என்பது வரை அந்தப் புரோகிராமுக்குள்தான் இருக்கிறது. அதை எழுதிய ஈரோட்டுக்காரர் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நாலு நாள் இங்கேயே தங்கி பில்லை மாற்றிக் கொடுத்தார். இப்போது அவர் தொழிலிலேயே இல்லை. காகிதத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனியின் மென்பொருளை ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்தோம். வாசலில் பதினொரு லாரி. பிடுங்கிய கிழங்கை இரண்டு மூன்று நாளுக்குள் அரைக்காவிட்டால் கறுத்துப்போகும், உனக்கே தெரியும். பத்து டன் கொண்டுவந்த ஒரு பெரியவர் பில்லைப் பார்த்துவிட்டு, "தம்பி, கணக்கு ஒதைக்குதுங்களே" என்றார். பாயிண்ட் 28.4. புது மென்பொருள் 28 என்று வெட்டிவிட்டது. பாயிண்ட் 300 ரூபாய் வீதம் அவருக்கு 1,200 ரூபாய் குறைந்திருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருபது வருஷமாக எங்களுக்கே கிழங்கு போடுகிறவர். மதியமே பழையதற்குத் திரும்பினோம்.

பெரிய இடத்திலும் இதுதான் கதை. ஜெர்மனியின் லிடில் கடைகள் சுமார் 50 கோடி யூரோ செலவழித்து, ஏழு வருஷம் மெனக்கெட்டு, 2018இல் எஸ்ஏபி கம்பெனியின் மென்பொருளுக்கு மாறும் வேலையையே கைவிட்டன. அவர்கள் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுகிறவர்கள், அந்த மென்பொருளோ விற்பனை விலையில். பழக்கத்தை மாற்ற மனசில்லாமல் மென்பொருளை வளைத்துக்கொண்டே போனார்கள்.

ஆனாலும் மாற்றித்தான் ஆக வேண்டும் முருகேசா. அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் எழுந்திருக்காவிட்டால் யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் நிற்கிறது என்று எங்களால் சொல்ல முடியாது. அதனால் பழைய கணக்கப்பிள்ளையை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். 43 பக்கம் ஆகிவிட்டது. ஒரே விவசாயி பழனிசாமி, பழனிச்சாமி, மு. பழனி என்று மூன்று கணக்கில் இருக்கிறார். அதையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன்.

சித்திரையில் ஆலை நிற்கும். இரண்டு நாள் வந்து அந்த நோட்டைப் படித்துப் பார். எங்கே விட்டிருக்கிறேன் என்று உன் கண்ணுக்குத்தான் தெரியும். அதற்கப்புறம்தான் எந்தக் கம்பெனியையும் கூப்பிடுவதாக இருக்கிறோம். அப்படியே ஏற்காடும் ஏறிவிட்டு வரலாம்.

உன்
சண்முகம்