கிழித்துப் போட்ட தாளையும் மேடைக்குக் கொண்டு வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகர வடிவமைப்பு விழாக்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஒரு நாளிதழ் இந்த விஷயத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். மருந்து அட்டை, விண்ணப்பப் படிவம், பெயர்ப்பலகை, பேருந்து எண் என்று நாள் முழுக்க நம் கண்ணில் படுகிற பொருள்களுக்குப் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் கட்டுரையோடு வந்த படங்கள் எல்லாமே ஒரே மாதிரி இருந்தன. மேடையில் ஒருவர், பின்னால் பெரிய திரை, திரையில் பளபளக்கும் முடிந்த வேலை. அதற்கு உங்கள் புகைப்படக்காரரைக் குறை சொல்ல முடியாது, விழாக்களில் எடுப்பதற்கு வேறு காட்சி இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பார்வையாளராகக் கேட்ட உரைகள் நிறைய, நானே பேசியவை கொஞ்சம். பெரும்பாலான உரைகளுக்கு ஒரே வடிவம். கிளையன்ட் ஒரு பிரச்சினையோடு வந்தார், நாங்கள் யோசித்தோம், இதோ பதில், அப்புறம் கைதட்டல். நடுவில் இருந்த மூன்று மாதம் காணாமல் போயிருக்கும். நிராகரிக்கப்பட்ட அறுபது ஸ்கெட்ச், அச்சுக்குப் போன பிறகு கண்டுபிடித்த பிழை, பணம் போதாமல் கைவிட்ட நல்ல யோசனை, கிளையன்டின் மைத்துனருக்குப் பச்சை பிடிக்காது என்பதால் மாறிய நிறம், இதில் எதுவும் திரைக்கு வராது. முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் மாணவர் கற்றுக்கொள்ள வேண்டியதே அந்த மூன்று மாதத்தில்தான் இருக்கிறது. அது தெரியாததால், தன் முதல் பத்து முயற்சியும் சொதப்பும்போது தனக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது, தனக்குத் திறமை இல்லை என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். அப்படி முடிவு கட்டி வேறு வேலைக்குப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் என்னைவிட நன்றாக வரைவார்கள்.

பேச்சின் நீளம் ஒரு காரணமாக இருக்கலாம். 2003-இல் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைதம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் பெச்சா குச்சா என்ற முறையைத் தொடங்கினார்கள். 20 படம், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. படம் தானாக நகர்ந்துவிடும், நிறுத்தி வைக்க முடியாது. மைக்கைப் பிடித்தால் கீழே வைக்காதவர்களுக்கு நல்ல மருந்துதான், அதனால்தான் உலகம் முழுக்கப் பல நகரங்களுக்குப் பரவியது. முதல்முறை பேசுகிறவருக்கும் அது தைரியம் தரும். ஆனால் அந்த 20 படத்தில் நாலைந்தையாவது தோற்ற முயற்சிக்கு ஒதுக்குகிறவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நேரம் குறைவு என்றால் அழகானதைக் காட்டத்தான் கை போகிறது, என் கையும் அப்படித்தான் போனது.

என் அனுபவம் ஒன்று. ஒரு பெரிய மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகைகள் செய்து கொடுத்தோம். எழுத்து பெரியது, நிறம் தெளிவு, படங்கள் அழகு, ஒரு விழாவில் அதைப் பற்றிப் பேசவும் கூப்பிட்டார்கள். நானும் போய் முடிந்த பலகைகளைக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தார். அதே மாதிரி ஒரு மருத்துவமனையில் செவிலியராம், தோழியோடு சும்மா வந்திருந்தாராம். "மேலே காட்டுற அம்புக்குறி போட்டிருக்கீங்களே, அது நேரா போகச் சொல்லுதா, மாடிக்குப் போகச் சொல்லுதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் நேராகப் போகச் சொல்வதற்குத்தான் அதைப் போட்டிருந்தோம். மறுநாள் காலை அந்தக் கட்டடத்துக்குப் போய்ப் பார்த்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பலகையின் கீழே யாரோ வெள்ளைத்தாளில் பேனாவால் "ஸ்கேன் இந்த மாடியிலேயே, நேராகப் போகவும்" என்று எழுதி டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டேப் பழுப்பேறியிருந்தது. பல மாதமாக அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் பேசிய எல்லா இடத்திலும் முதல் ஸ்லைடு அதுதான். பலகை செய்த கதையைக் கேட்டு யாரும் என்னிடம் வந்து பேசியதில்லை, ஒட்டிய தாளின் கதையைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் நாலு பேராவது வந்து தங்கள் அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், ரயில் நிலையத்தில் ஒட்டியிருக்கும் தாள்களைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒரு கட்டடத்தில் கையால் எழுதி ஒட்டிய தாள் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வடிவமைப்பு தோற்றிருக்கிறது என்று இப்போது நான் நம்புகிறேன். அந்தச் செவிலியர் அன்று வராமல் போயிருந்தால் நான் இன்னும் அந்த அம்புக்குறியைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன், பயன்படுத்துகிறவர் அரங்கத்தில் இருக்க வேண்டும், அவருக்கு மைக்கும் கிடைக்க வேண்டும். இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1972-இல் நியூயார்க் சுரங்க ரயிலுக்கு மாசிமோ விக்னெல்லி குழுவினர் ஒரு வரைபடம் செய்தார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம், நேர்கோடு, 45 டிகிரி வளைவு, நிலையத்துக்கு ஒரு புள்ளி. வடிவமைப்பாளர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறோம். பயணிகளோ திணறினார்கள். அதில் பூங்கா சாம்பல் நிறத்தில் இருந்தது, தண்ணீர் மணல் நிறத்தில் இருந்தது, நீளமான சென்ட்ரல் பார்க் சதுரம் மாதிரித் தெரிந்தது, மேலே ஏறி வந்தால் தெரு வேறு மாதிரி இருந்தது. 1978-இல் கூப்பர் யூனியன் கல்லூரி அரங்கில் இதைப் பற்றி வெளிப்படையாக ஒரு விவாதமே நடந்தது. ஒரு பக்கம் விக்னெல்லி, இன்னொரு பக்கம் புதிய வரைபடத்துக்கான குழுவின் தலைவர் ஜான் டாரனாக். தன் வேலையை மாற்றியே தீர வேண்டும் என்று சொல்கிறவரோடு ஒரே மேடையில் உட்கார்ந்து, பொதுமக்கள் முன்னால் பதில் சொல்ல விக்னெல்லி வந்தார் பாருங்கள், அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். 1979-இல் நிலப்பரப்பை ஒட்டிய வரைபடம் வந்தது. விவாதம் அதோடு முடியவும் இல்லை. 2025-இல் அதே ரயில் நிர்வாகம் விக்னெல்லியின் பாணியைத் தழுவிய ஒரு படத்துக்குத் திரும்பியிருக்கிறது. யார் சரி என்பதில் எனக்கே இன்னும் குழப்பம்தான், ஆனால் அந்த ஒரு மாலையில் பேசப்பட்டதை வைத்து ஒரு கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம்.

பார்வையாளர்கள் எழுந்து நின்று கேட்டதும் உண்டு. அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் 1951 முதல் சர்வதேச வடிவமைப்பு மாநாடு நடந்து வந்தது. 1970-இல் அங்கே வந்த மாணவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும், பெரியவர்கள் பேசுவதை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம் என்று தீர்மானங்கள் கொண்டுவந்து வாக்கெடுப்பு கேட்டார்கள். அமைப்பாளர்களுக்கு அது கசப்பாகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் அந்த மாநாட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள் என்றால் அந்த ஆண்டும் அதற்கு ஒரு காரணம்.

எதிர்ப்பு வரும், தெரியும். கிளையன்டோடு ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது, எப்படிக் காட்டுவது என்பார்கள். பெயரை மறைத்துவிட்டுக் காட்டலாமே, லோகோவை எடுத்துவிட்டாலும் தவறு தவறுதான். ஒப்பந்தம் போடும்போதே, வெளியான ஒரு வருடத்துக்குப் பிறகு ஸ்கெட்சுகளைக் காட்டலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள், நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். காப்பி அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் எனக்கு நியாயம் தெரியவில்லை, காப்பி அடிக்கிறவருக்கு முடிந்த வேலையே போதும், தோற்ற ஸ்கெட்ச் எதற்கு? இளைஞர்களின் பயம் மட்டும் நிஜம். பிழையைச் சொன்னால் அடுத்த வேலை கிடைக்காது என்று நினைக்கிறார்கள். அதனால் மூத்தவர்கள்தான் முதலில் செய்ய வேண்டும், எங்களுக்கு இழக்க அவ்வளவு இல்லை.

அப்புறம் பெயர் விஷயம். மேடையில் "நான் செய்தேன்" என்று சொல்லும் வேலையில் ஆறு பேர் இருந்திருப்பார்கள். எழுத்துரு வரைந்தவர், அச்சகத்தில் நிறம் சரிபார்த்தவர், பயிற்சிக்கு வந்து இரவு முழுக்க கோப்புகளைச் சீர் செய்தவர். கடைசி ஸ்லைடில் எல்லோர் பெயரையும் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. பேசுகிறவருக்குப் பயணச்செலவும் ஒரு தொகையும் கொடுக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். நுழைவுக்கட்டணம் வாங்கிக்கொண்டு, பேசுகிறவருக்கு மட்டும் "உங்களுக்கு விளம்பரம்தானே" என்று சொல்லும் அழைப்புகள் எனக்கும் வந்திருக்கின்றன. வீட்டில் வசதி இருக்கிறவர் மட்டும் பேசினால் வசதி இருக்கிறவரின் வேலை மட்டும்தான் ஊருக்குத் தெரியும்.

நகர விழா என்று பெயர் வைத்தால் நகரமும் அதில் இருக்க வேண்டும். மிலானில் 1961 முதல் நடக்கும் அறைகலன் கண்காட்சியின் வாரத்தில், கண்காட்சி வளாகத்துக்கு வெளியே வீட்டு முற்றங்கள், பழைய பட்டறைகள், கடைகள் எல்லாம் திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் நடந்துபோய்ப் பார்க்கலாம். நெதர்லாந்தின் ஐந்தோவனில் பழைய பிலிப்ஸ் தொழிற்சாலைக் கட்டடங்களிலேயே விழா நடக்கிறது, விற்பனைக்கு வராத, இன்னும் பரிசோதனையில் இருக்கிற பொருள்களும் அங்கே வைக்கப்படுகின்றன. பாதி முடிந்த ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் அதைச் செய்கிறவரே நின்றால், எதிரே வருகிறவர் கூச்சமில்லாமல் கேட்பார், உட்கார்ந்தும் பார்ப்பார். அந்தப் பத்து நிமிடப் பேச்சில் கிடைப்பது பெரிய அரங்கத்தில் கிடைக்காது. புதிதாக விழா நடத்த நினைப்பவர்கள் ஸ்டுடியோக்களை ஒரு நாள் திறந்து வைப்பதிலிருந்து தொடங்கலாம், அதற்குப் பெரிய ஸ்பான்சர்கூட வேண்டாம்.

கடைசியாக உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை உங்கள் நிருபர் ஒரு வடிவமைப்பாளரைப் பேட்டி எடுக்கும்போது, முதல் ஸ்கெட்ச் இருக்கிறதா, அதில் என்ன தவறு என்று கேட்கச் சொல்லுங்கள். கொடுத்தால் அதையே பெரிய படமாகப் போடுங்கள், முடிந்த வேலையைச் சிறியதாகப் போட்டால் போதும். என்னிடம் அந்த ஒட்டிய தாளின் படம் இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வடிவமைப்பாளர்