ஞாயித்துக்கிழமை பொன்னாடை

தம்பிக்கு,

நேத்து ராத்திரியும் போன் அடிச்சேன், நீ எடுக்கல. மீட்டிங்கா இருக்கும். உன்கிட்ட பேசிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன், அவ கேட்டா நீயும் அப்படியே சொல்லிடு. பெங்களூர்ல மழைன்னு டிவியில காட்டுனான், பைக் எடுக்காத.

வர்ற ஞாயிறு இங்க மும்பை சங்கத்துல எனக்கு பொன்னாடை போத்துறாங்களாம். 38 வருஷ மில் சர்வீஸ், தாராவி பசங்களுக்கு நோட்டு புக்கு, 2005 வெள்ளத்துல சயான்ல சோறு பொங்கிப் போட்டது, எல்லாத்தையும் எழுதிக் குடுங்க அண்ணாச்சின்னு செக்ரட்டரி பேப்பரை நீட்டிட்டுப் போயிட்டாரு. நீ வரணும்னு இல்ல. வந்தா அம்மாவுக்கு சந்தோஷம்.

உங்க பேக்டரியில ஆள் குறைக்கிறாங்கன்னு பெரியத்தை மருமகன் என்னமோ சொன்னான், நான் ஒண்ணும் கேட்டுக்கல. நேரத்துக்கு சாப்பிடு. 2016 ஏப்ரல்ல பிஎப் பணத்துக்காக அங்க கார்மென்ட்ஸ் பொண்ணுங்க ரோட்டுல இறங்கினப்ப, அவங்க கேக்குறது நியாயம்தான்பான்னு நீதான போன்ல சொன்ன, மேனேஜர் ஆகியும் புள்ளைக்கு புத்தி மாறலன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சேன். இப்ப அந்த வாய் எங்கடா போச்சு? சரி விடு. நேரத்துக்கு சாப்பிடு, எதுலயும் அவசரப்பட்டு கையெழுத்து போடாத.

அந்த பேப்பர்ல 1982ன்னு எழுதிட்டு நாலு நாளா அப்படியே வச்சிருக்கேன். ஜனவரி 18 பம்பாய் மில்லு ஸ்ட்ரைக்கு, யூனியன் தலைவர் தத்தா சாமந்த் பின்னாடி ரெண்டரை லட்சம் பேரு, முடிஞ்சுதுன்னு யாரும் சொல்லாமலே முடிஞ்சு போச்சு. மில்லு திறந்தப்ப ஸ்பின்னிங்ல யாரைத் திரும்ப எடுக்கலாம்னு லிஸ்ட் எழுதினது நான். கீழ் வீட்டு அண்ணாச்சி பேரை விட்டுட்டேன், உன்னைத் தோள்ல உக்காத்தி மாட்டுங்கா மார்க்கெட் கூட்டிட்டுப் போவாரே, அவரு. அந்தப் பேரை மேனேஜர் அடிச்சுட்டாருன்னு உங்கம்மாகிட்ட சொன்னேன், இன்னைக்கு வரைக்கும் அவ அதைத்தான் நம்புறா. மேனேஜர் அந்தப் பேரைப் பாக்கவே இல்லடா. யூனியன் ஆளை சேத்தா என் பிரமோஷன் போயிடுமோன்னு நானா பயந்து எழுதாம விட்டேன். ரிங் பிரேம் மிஷின்ல நூல் அறுந்தா அவர் கை போற வேகம் டிபார்ட்மென்ட்ல ஒருத்தனுக்கும் வராது. குடும்பத்தோட ஊருக்கு ரயிலேறின அன்னைக்கு ஷிப்ட் இருக்குன்னு சொல்லி நான் வழியனுப்பக்கூட போகல. ஷிப்டே இல்ல.

அடுத்த ஜூன்லதான் நோட்டு புக்கு குடுக்க ஆரம்பிச்சேன்.

பேப்பரை இன்னும் குடுக்கல. வெள்ளி ராத்திரி உத்யான் எக்ஸ்பிரஸ் ஏறினா சனி ராத்திரி தாதர்ல இறங்கிடலாம். இல்லன்னா போனாவது பண்ணு, எத்தனை மணியானாலும் பரவால்ல, இப்பல்லாம் எனக்கு தூக்கம் வர்றதில்ல.

அப்பா