பேத்தியின் தண்ணீர் பாட்டில்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அதற்காக நடையை நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் நலம்.

உன்னிடம் சொல்லவேண்டும் என்று ஒரு மாதமாக மனதில் வைத்திருக்கும் விஷயம் இது. பேத்திக்குக் காலையில் பாட்டிலில் தண்ணீர் நிறைத்துக் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் பையைத் திறந்தால் பாட்டில் அப்படியே இருக்கும். இரண்டு மிடறு குறைந்திருந்தால் பெரிது. விளையாட்டில் மறந்துவிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். "குடிச்சா ஒண்ணுக்கு வரும் ஆயா. அங்க போக முடியாது" என்றாள்.

முப்பது வருஷம் கிராம நர்ஸாக இருந்தோம். நீர்க்கடுப்பு என்று வந்த எத்தனை பெண் பிள்ளைகளிடம் "நிறையத் தண்ணி குடிம்மா" என்று சொல்லி அனுப்பியிருப்போம்! ஏன் குடிக்கவில்லை என்று நான் ஒருத்தியிடமும் கேட்டதில்லை, சரசு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தேன். கழிப்பறை இல்லாமல் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு மூன்று அறை, டைல்ஸ் போட்டது, மேலே சின்டெக்ஸ் தொட்டி. ஆனால் மோட்டார் எரிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஒருத்தி போனால் வெளியே தோழி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இடைவேளை பத்து நிமிஷம். ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் இரண்டு அறையில் பத்துப் பேர்தான் போய்வர முடியும். பெண் பிள்ளைகள் அறுபது பேர். ஏழாவது, எட்டாவது படிக்கிறவர்கள் அந்த மூன்று நாளும் லீவு போட்டுவிடுகிறார்கள்.

ஆண், பெண் இருவருக்கும் தனிக் கழிப்பறையும் நல்ல குடிநீரும் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே சொல்லிவிட்டது. ஆறு மாதத்துக்குள் செய்யுங்கள் என்று 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அப்புறம் கட்டடங்கள் வேகமாக எழும்பின. கட்ட ஒரு தடவை பணம் வருகிறது. தினமும் கழுவுவதற்கும் மோட்டார் பழுது பார்க்கவும் பினாயில் வாங்கவும் ஒழுங்காக வருவதில்லை. இங்கே கழுவுகிற அம்மாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேரளாவில் 2019-இல் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவென்றே பள்ளியில் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போக இடம் இருந்தால்தானே பிள்ளை குடிப்பாள்!

மருமகள் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. கூட்டத்தில் விடாமல் பேசி மோட்டாரை மாற்ற வைத்துவிட்டாள். தாழ்ப்பாள் நாங்களே வாங்கிப் போட்டோம். இன்னொரு சண்டை தண்ணீருக்காக. தர்மபுரி போர்த் தண்ணீர் உனக்குத் தெரியாததா? ஃப்ளோரைடு. பல்லில் காவிக் கறையோடு எத்தனை பிள்ளைகளைப் பார்த்தோம்! காய்ச்சினாலும் போகாது, பிளீச்சிங் பவுடர் போட்டாலும் போகாது. 2013-இல் ஒகேனக்கல் தண்ணி வந்ததும் விடிவு வந்தது என்று நினைத்தேன். இந்தப் பள்ளியில் அதையும் போர்த் தண்ணீரையும் ஒரே தொட்டியில் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது குழாயைப் பிரித்தாயிற்று. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணி, கழிப்பறைக்குப் போர்த் தண்ணி.

துணை சுகாதார நிலையம்தான் மனதை அறுக்கிறது. குழாய் வெளிச்சுவர் வரைக்கும் வந்து நிற்கிறது, உள்ளே வரவில்லை. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருகிறார்கள். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்கச் சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து "யூரின் பிடிச்சுட்டு வாம்மா" என்கிறார்கள். எட்டு மாதக்காரி ஒருத்தி டப்பாவைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வேலி ஓரமாகப் போனாள். திரும்பி வந்து கை கழுவத் தண்ணீர் கேட்டாள். அங்கே இருக்கிற நர்ஸ் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் என்ன செய்வாள், பக்கத்து வீட்டிலிருந்து தினம் இரண்டு குடம் கடன் வாங்கி ஓட்டுகிறாள். நம் முதல் போஸ்டிங்கில் இதே மாதிரி குடத்துத் தண்ணீரை ஒருவர் ஊற்ற ஒருவர் கை கழுவிப் பிரசவம் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இத்தனை வருஷம் கழித்தும் குடம்தான். சுவருக்கு வெளியே இருக்கும் குழாயைப் பத்தடி உள்ளே இழுக்கச் சொல்லி அடுத்த கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறேன். சிங்க், கழிப்பறை இரண்டுக்கும் சேர்த்து.

பொங்கலுக்கு நீ வருகிறாய் அல்லவா? தண்ணீரில் குளோரின் அளவு பார்க்கும் உன் பழைய குளோரோஸ்கோப் இன்னும் பெட்டியில் இருந்தால் எடுத்து வா. மருந்து பழசாகியிருக்கும், அதை நான் இங்கே புதிதாக வாங்கிவிடுகிறேன். பள்ளித் தொட்டித் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பிள்ளைகளே பார்க்கப் பழக வேண்டும். சொட்டு விட்டதும் மஞ்சள் ஏறுவதைப் பேத்திக்குக் காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் கமலா