கீரை சாப்பிடலாமா, டாக்டர்?

ஆசிரியருக்கு,

அண்ணனுக்கு பைபாஸ் முடிந்த மூன்றாம் நாள் நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தது. ஆபரேஷன் பலிக்கவில்லையோ என்று அண்ணி அழுதேவிட்டார். பைபாஸ் செய்துகொள்பவர்களில் நான்கைந்து பேரில் ஒருவருக்காவது முதல் சில நாட்களில் இப்படி இதயத் துடிப்பு தப்பும், பெரும்பாலும் மருந்திலேயே அடங்கிவிடும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் தொடங்குகின்றன. படபடப்பு நின்றதும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள் பலர். இப்படித் துடிப்பு தப்புவதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்; அதில் இதய மேலறையில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான்; துடிப்பு சீரான பிறகும் அந்த ஆபத்து உடனே போய்விடுவதில்லை.

இதயத்தில் உலோக வால்வு வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதன் வேலையைக் கீரை குறைத்துவிடும் என்று முருங்கைக்கீரையைக் கண்டாலே பயப்படுகிறார்கள். அடியோடு விடத் தேவையில்லை. ஒரு வாரம் தினமும், மறுவாரம் துளியும் இல்லை என்றில்லாமல் அளவு ஒரே சீராக இருந்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிடாமல் இருந்தால் போதும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைதான் அதைவிட ஆபத்து, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

சரி, இதையெல்லாம் யார் சொல்வது? டிஸ்சார்ஜ் அன்று தமிழில் ஒரு தாளும், பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஒரு செவிலியரும் எல்லா இதய மருத்துவமனைகளிலும் வேண்டும். சுகாதாரத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி